இயந்திரக் கற்றல் மாநாடுகளில் டுடோரியல் யாருக்காக?

பெரிய இயந்திரக் கற்றல் மாநாடுகளில் முதல் நாளையோ, முதன்மை அமர்வுகளுக்கு முந்தைய நாளையோ டுடோரியல்களுக்கென்று ஒதுக்குவது வழக்கம். ஒருவரோ நான்கைந்து பேரோ மேடையேறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு துறைப்பிரிவை அடியிலிருந்து நுனிவரை எடுத்துச் சொல்வார்கள். புதிய முடிவுகளை அறிவிப்பதற்கு ஆய்வுக் கட்டுரை அமர்வுகள் இருக்கின்றன. பாதியில் நிற்கும் யோசனைகளை விவாதிக்கப் பயிலரங்குகள் இருக்கின்றன. டுடோரியலின் வேலை கற்பிப்பது. தமிழ்நாட்டில் இந்தச் சொல், பொதுத்தேர்வில் தவறியவர்கள் சேரும் தனிப்பயிற்சி நிலையத்தைத்தான் நினைவூட்டும். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஆனாலும் இரண்டுக்கும் ஓர் அளவுகோல் பொதுவானது: வந்து உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது, முன்பு தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வந்து உட்காருபவர் யார் என்பதில்தான் கருத்து ஒருமிக்கவில்லை. துறைக்குப் புதியவரா, பக்கத்துத் துறை வல்லுநரா, அதே துறையில் ஊறியவரா? யார் என்பதைப் பொறுத்துத் தலைப்பு மாறும், பேசுபவர் மாறுவார், முன்மொழிவு எழுதும் விதமும் மாறும். இதைப் பற்றித் தனி நூல்கள் அதிகமில்லை. விடைகள் பெரும்பாலும் மாநாடுகளின் அறிவிப்புகளிலும், நடந்து முடிந்த டுடோரியல்களிலுமே கிடக்கின்றன.

கேள்வி பிறந்த விதம்

இயந்திரக் கற்றலின் பெரிய மாநாடுகளில் ஒன்றான ஐ.சி.எம்.எல்.இன் தொடக்கம், 1980இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பயிலரங்கு. இன்று நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் நிப்ஸ் மாநாடு 1987இல் டென்வரில் தொடங்கியது. அங்கே கூடியவர்களில் இயற்பியலாளர், நரம்பியலாளர், மின்பொறியாளர், புள்ளியியலாளர் என்று பலரும் இருந்தனர். ஒருவர் பேசும் சொல் இன்னொருவருக்குப் புரியாத நிலை இயல்பாகவே இருந்தது. இத்தகைய கூட்டத்தில் டுடோரியல் என்றால் ஒரு துறை வல்லுநர் இன்னொரு துறை வல்லுநருக்குத் தம் மொழியைக் கற்றுக்கொடுப்பது என்று பொருள்.

எழுத்திலும் இதே மரபு இருந்தது. மறை மார்க்கோவ் மாதிரிகளைப் பற்றி லாரன்ஸ் ரபினர் 1989இல் எழுதியதும், சப்போர்ட் வெக்டார் இயந்திரங்களைப் பற்றி கிறிஸ்டோபர் பர்ஜஸ் 1998இல் எழுதியதும் தலைப்பிலேயே டுடோரியல் என்ற சொல்லைத் தாங்கியவை. மூலக் கட்டுரைகளைத் தொடாமல் இவற்றின் வழியாகவே அந்த முறைகளைக் கற்றவர்கள் ஏராளம்.

பிறகு கூட்டம் பெருகியது. 2017இல் லாங் பீச் நகரில் நடந்த நிப்ஸ் மாநாட்டுக்கு ஏறத்தாழ 8,000 பேர் வந்தனர். 2018இல் முதன்மை மாநாட்டின் நுழைவுச்சீட்டுகள் 12 நிமிடங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. 2019இல் வான்கூவரில் ஏறத்தாழ 13,000 பேர் கூடினர். முதலாண்டு ஆய்வு மாணவர், நிறுவனப் பொறியாளர், மருத்துவத்திலோ சட்டத்திலோ இருந்து எட்டிப் பார்க்க வந்தவர் என்று கேட்போர் கலவை அடியோடு மாறிவிட்டது. டுடோரியல் என்ற சொல் மட்டும் மாறவில்லை. பழைய சொல்லின்மேல் புதிய எதிர்பார்ப்புகள் ஏறியதால்தான் இந்தக் கேள்வி இன்று கூர்மையடைந்திருக்கிறது.

புதியவருக்கான வாசல்

முதல் நிலைப்பாடு எளிமையானது: டுடோரியல் புதியவருக்கானது. இதற்குத் தெளிவான சான்று, 2012இல் தென்கொரியாவின் ஜேஜு தீவில் நடந்த, கணினி மொழியியலுக்கான ஏ.சி.எல். மாநாட்டில் ரிச்சர்ட் சோச்சர், யோஷுவா பெஞ்சியோ, கிறிஸ்டோபர் மேனிங் மூவரும் நடத்திய அமர்வு. மொழிச் செயலாக்கத்துக்கு ஆழ்கற்றலை அறிமுகப்படுத்திய அதன் தலைப்பிலேயே 'மாயமில்லாமல்' என்ற சொல்லும் இருந்தது. அன்றைய கணினி மொழியியலாளர் பலருக்கு நரம்பியல் வலையமைப்பு என்பது உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத பெட்டி. அந்த அச்சத்தைத் தலைப்பே நேராகத் தொட்டது. யார் கேட்கப் போகிறார், அவரைத் தடுத்து நிறுத்துவது எது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்த தலைப்பு அது. மறுஆண்டு அட்லாண்டாவில், ஏ.சி.எல். வட அமெரிக்கக் கிளையின் மாநாட்டில், அதே பாடம் மீண்டும் நடத்தப்பட்டது.

இதே வரிசையில் வருவது, 2019இல் அதே கிளையின் மினியாபொலிஸ் மாநாட்டில் செபாஸ்டியன் ரூடர், மேத்யூ பீட்டர்ஸ், ஸ்வபா ஸ்வயம்தீப்தா, தாமஸ் வுல்ஃப் நால்வரும் பரிமாற்றக் கற்றல் பற்றி நடத்தியது. ஸ்லைடுகளோடு இயக்கிப் பார்க்கத்தக்க நிரலையும் அவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தாமே செய்து பார்க்க முடிந்தது.

புதியவர் என்பவர் ஒரே ஆள் அல்லர் என்பது இந்த நிலைப்பாட்டின் பலவீனம். கணிதம் தெரிந்து நிரலாக்கம் தெரியாதவரும், நிரல் எழுதத் தெரிந்து நிகழ்தகவு தெரியாதவரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாட்டின் வழியில் ஸ்லாவா கல்யூகாவும் பிறரும் 2003இல் சுட்டிக்காட்டிய விளைவு இங்கே பொருந்தக்கூடும்: தொடக்கநிலையினருக்குக் கைகொடுக்கும் படிப்படியான விளக்கம், ஏற்கெனவே தேர்ந்தவருக்கு வீண் சுமையாகி அவர் கற்பதைக் குறைத்துவிடலாம். ஒரே அரங்கில் இரு தரப்பினரும் இருக்கையில் எந்த வேகமும் ஒரு சாராருக்குப் பொருந்தாத வேகமே.

இரண்டாவது எதிர்வாதமும் வலுவானது. நல்ல பல்கலைக்கழகப் பாடங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்போது, விமானச் செலவு செய்து வந்து மூன்று மணி நேர அறிமுகம் கேட்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று புதியவருக்குத் தெரியாது. தேர்ந்தவர் ஒருவர் வகுத்துக் கொடுக்கும் வழிதான் டுடோரியலின் மதிப்பு என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. ஓரளவு ஏற்கத்தக்க மறுமொழியே. ஆனால் தன் தலைப்பில் எல்லாவற்றையும் அடக்க முயலும் டுடோரியலுக்கு இது பொருந்தாது.

வரப்போவதை அறிவிக்கும் மேடை

இரண்டாம் நிலைப்பாட்டின்படி, டுடோரியல் ஏற்கெனவே துறையில் இருப்பவருக்கு அடுத்த திசையைக் காட்ட வேண்டும். ஆழ்கற்றலின் வரலாறு இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2007 நிப்ஸில் ஜெஃப்ரி ஹின்டன் டீப் பிலீஃப் நெட்ஸ் என்னும் பல அடுக்கு வலையமைப்பு வகை பற்றி டுடோரியல் நடத்தினார். 2009இல் ரோனன் கொலொபெர், ஜேசன் வெஸ்டன் இருவரும் மொழிச் செயலாக்கத்தில் ஆழ்கற்றல் பற்றி நடத்தினர். பட அடையாளப் போட்டியான இமேஜ்நெட்டில் ஆழ் வலையமைப்பு பெருவெற்றி பெற்றது 2012இல்தான். அதற்கடுத்த ஆண்டு ஐ.சி.எம்.எல். மாநாட்டில் யான் லெகுன், மார்க் ஆரெலியோ ரன்சாட்டோ இருவரின் டுடோரியல் நடந்தபோது, ஆழ்கற்றல் பற்றிய ஐயம் பெரிதும் நீங்கியிருந்தது. முதலிரண்டும் வெற்றிக்கு முன் வந்த அறிவிப்புகள். மூன்றாவது, வெற்றிக்குப் பின் வந்த தொகுப்பு.

இந்த வரிசை கவர்ச்சியானது. ஆனால் இதைச் சான்றாகக் கொள்ளும்போது எச்சரிக்கை தேவை. அறிவிக்கப்பட்டு வராமலே போன திசைகளின் டுடோரியல்களை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை. வென்றவை மட்டும் கண்ணில் படும்போது கணிப்பு துல்லியமாகத் தோன்றுவது இயல்பு. 2007இல் ஹின்டன் விளக்கிய குறிப்பிட்ட முறையையும் இன்று பெரிதாக யாரும் பயன்படுத்துவதில்லை. பல அடுக்கு வலையமைப்புகளைப் பயிற்றுவிக்க முடியும் என்ற அடிப்படை நம்பிக்கைதான் நிலைத்தது. முன்னோடி டுடோரியல் நுட்பத்தைக் கற்பிக்கிறதா, நம்பிக்கையை ஊட்டுகிறதா என்ற கேள்வி அதனால் எழுகிறது.

புதிய திசையை விளக்க வல்லவர் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவரே என்பதால் வரும் சிக்கலும் உண்டு. 2016இல் பார்சிலோனா நிப்ஸில், எதிர்ப்போட்டி உருவாக்க வலையமைப்புகள் பற்றி இயன் குட்ஃபெலோ பேசினார். அவரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட முறைதான் அது. பேச்சின் நடுவே அரங்கிலிருந்து எழுந்த யூர்கன் ஷ்மிட்ஹூபர், 1990களின் தொடக்கத்தில் தாம் முன்வைத்த ஒரு முறையோடு இதற்குள்ள உறவைப் பற்றிக் கேட்டார். அந்தப் பரிமாற்றம் காணொளியில் பதிவாகி, துறைக்குள் நெடுநாள் பேசப்பட்டது. முன்னுரிமை யாருக்கு என்ற வழக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு துறையின் வரலாற்றை அதில் பங்குள்ளவரே சொல்லும்போது கேட்போர் எதை வரலாறாகவும் எதை ஒருவரின் பார்வையாகவும் எடுத்துக்கொள்வது என்பது அங்கே வெளிப்படையாயிற்று. ஏ.சி.எல். குடும்ப மாநாடுகளின் அறிவிப்பு, உள்ளடக்கத்தில் பேசுபவரின் சொந்தப் பணி எத்தனை விழுக்காடு, பிறர் பணி எத்தனை என்று மதிப்பிட்டு எழுதச் சொல்வது இத்தகைய கவலையால் என்று கொள்ளலாம்.

சபையோடு வாதம்

மூன்றாவது நிலைப்பாடு பிற்காலத்தில் வலுப்பெற்றது. ஏற்றுக்கொள்ளப்பட்ட சிந்தனை முறையைக் கேள்விக்குள்ளாக்கவும் டுடோரியலைப் பயன்படுத்தலாம் என்பது அது. 2017 நிப்ஸில் சோலன் பரோகஸ், மோரிட்ஸ் ஹார்ட் இருவரும் இயந்திரக் கற்றலில் நியாயம் பற்றி நடத்திய டுடோரியல், கடன் வழங்கல், வேலைக்கு ஆளெடுப்பு போன்ற முடிவுகளின் சமூகப் பின்னணியை நிரலாளர்கள் முன் வைத்தது. 2018 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவரான அர்விந்த் நாராயணன், நியாயத்துக்கான 21 வரையறைகளையும் அவற்றின் அரசியலையும் விளக்கினார். ஒரே சரியான வரையறையைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், வரையறைகள் பலவாக இருப்பதே மதிப்பீடுகள் பலவாக இருப்பதன் விளைவு என்று காட்டியது அந்த அமர்வு. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.சி.எம்.எல்.இல் பெஞ்சமின் ரெக்ட், வலுவூட்டல் கற்றலைக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் கண்ணால் பார்த்து, அதன் சில பெரிய எதிர்பார்ப்புகளை எளிய கணக்குகளால் சோதித்தார்.

இவை நல்ல டுடோரியல்கள் என்பதில் ஐயமில்லை. வாதம் என்றால் எதிர்த்தரப்பும் வேண்டுமே என்ற குறை மட்டும் நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் நியூரிப்ஸ் டுடோரியல்களின் இறுதியில் வெவ்வேறு பார்வை கொண்டவர்களின் குழு உரையாடல் இடம்பெறுவது இதற்கு ஒரு விடையாகலாம். நீண்ட நேரம் ஒரு பார்வையைக் கேட்டுப் பழகிய பின் வரும் சிறு உரையாடல் சமநிலை தருமா என்பது தெளிவாகவில்லை.

தேர்ந்தெடுப்பது யார்

நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, அமைப்பாளர்கள் தலைப்பையும் ஆளையும் தேர்ந்து அழைப்பது. மற்றது, பொது அறிவிப்பு வெளியிட்டு முன்மொழிவுகளைப் பெறுவது. அழைப்பு முறையில் தரம் ஓரளவு உறுதி. ஆனால் ஏற்கெனவே தெரிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பொது அறிவிப்பில் புதியவர்களுக்கு வழி திறக்கும். ஆனால் நன்றாக எழுதப்பட்ட முன்மொழிவு நன்றாகக் கற்பிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஏ.சி.எல். குடும்ப மாநாடுகள் பல, தனித்தனியே அறிவிக்காமல் ஒரே கூட்டு அறிவிப்பு வெளியிட்டு, வரும் முன்மொழிவுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே தலைப்பு ஒரே ஆண்டில் மூன்று இடங்களில் வருவதை இது தவிர்க்கிறது.

முன்மொழிவின் உள்ளே

முன்மொழிவு பெரும்பாலும் சில பக்கங்களே. தலைப்பு, சுருக்கம், கேட்போர் யார், அவர்களுக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், நிமிட வாரியான திட்டம், படிக்க வேண்டியவற்றின் பட்டியல், பேசுபவர்களின் கற்பித்தல் அனுபவம், இதே டுடோரியல் முன்பு எங்கேனும் நடந்திருந்தால் அதன் விவரம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். இவற்றில் பலரும் ஒரு வரியில் கடந்துவிடும் இடம், 'முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும்' என்பது. 'அடிப்படை இயந்திரக் கற்றல் தெரிந்தால் போதும்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியவராது. 'அணிப் பெருக்கலும் நிபந்தனை நிகழ்தகவும் தெரிய வேண்டும். ஒரு வலையமைப்பையேனும் தாமே பயிற்றுவித்துப் பார்த்திருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தெரியத் தேவையில்லை' என்று எழுதினால், மதிப்பீட்டாளருக்கும் பின்னர் வரப்போகும் மாணவருக்கும் வேலை எளிதாகிறது.

திட்டமும் அப்படியே. பெருமொழி மாதிரிகளை மதிப்பிடுவது பற்றி ஒரு முன்மொழிவு என்று வைத்துக்கொள்ளலாம். 'அறிமுகம் 20 நிமிடம், பின்னணி 40, முறைகள் 60, எதிர்காலத் திசைகள் 30' என்பது எந்தத் தலைப்புக்கும் ஒட்டும் வார்ப்பு. 'முதல் 25 நிமிடம்: ஒரே வினாத்தொகுப்பை இரு விதமாகத் திருத்தி மதிப்பெண் இட்டு, மாதிரிகளின் வரிசை மாறுவதைக் காட்டல். அடுத்த 35 நிமிடம்: சோதனை வினாக்கள் பயிற்சித் தரவில் கலந்திருந்தால் கண்டுபிடிப்பது எப்படி, அந்த வழிகள் தவறும் இடங்கள். பின்னர் 20 நிமிடம்: 200 வினாக்களில் கிடைத்த இரண்டு விழுக்காட்டு வேறுபாடு நம்பத்தக்கதா என்று கேட்போரே கணக்கிடல்' என்று எழுதியவர், பாடத்தை மனத்தளவில் ஒருமுறை நடத்திப் பார்த்தவர். அவர் எதை விட்டுவிட்டார் என்பதும் தெரிகிறது. விட்டதைச் சொல்லும் துணிவு முன்மொழிவின் முதன்மையான தகுதிகளில் ஒன்று. ஆனால் எல்லாத் தலைப்பும் அடங்கியிருக்கிறதா என்று பட்டியல் பார்க்கும் மதிப்பீட்டாளர் இந்தத் துணிவுக்கு மதிப்பெண் தருவாரா என்பது ஐயமே.

பேசுபவர்களின் எண்ணிக்கையும் கவனிக்க வேண்டியது. பல நிறுவனங்களிலிருந்து, பல பின்புலங்களிலிருந்து ஆட்கள் இருப்பதை அறிவிப்புகள் விரும்புகின்றன. பார்வைகள் விரிய அது தேவை. அதே வேளையில், ஐந்து பேர் தத்தம் பழைய ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், கேட்பவருக்குக் கிடைப்பது ஐந்து சிறு உரைகள். குறியீடுகள்கூட ஆளுக்கு ஆள் மாறும். ஒரே குறியீட்டு முறைக்கு அனைவரும் கட்டுப்படுவது சிறு விஷயம்போலத் தோன்றலாம். இரண்டாம் மணி நேரத்தில் களைத்திருக்கும் மாணவருக்கு அது சிறு விஷயமே அல்ல.

மேடையில் நடப்பது

உரை நிகழ்த்துவதா, கேட்போரைச் செய்ய வைப்பதா என்ற விவாதத்தில் கல்வி ஆய்வுகள் ஒரு பக்கம் சாய்கின்றன. ஸ்காட் ஃப்ரீமனும் பிறரும் 2014இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சராசரியாக 6 விழுக்காடு உயர்ந்திருந்தது. வெறும் உரை கேட்ட வகுப்புகளில் தோல்விக்கான வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் பிறரும் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது: ஈடுபட்டுக் கற்றவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான உரை, புரிந்துவிட்டது என்ற உணர்வை எளிதில் தந்துவிடுகிறது. கேட்போரின் திருப்தியை வைத்து டுடோரியலை எடைபோடும் வழக்கத்துக்கு இது நேரடியான எச்சரிக்கை.

ஆனால் இவை இளநிலைக் கல்லூரி வகுப்புகளைப் பற்றிய முடிவுகள். வாரக்கணக்கில் தொடரும் வகுப்புக்கும், ஒரே ஒரு பிற்பகலில் பல நூறு பேர் கூடும் அரங்குக்கும் இடையே தூரம் அதிகம். அரங்கின் வைஃபை திணறினால் நிரல் பயிற்சி நின்றுவிடும். மென்பொருள் நிறுவுவதிலேயே அரைமணி நேரம் போய்விடும். அதனால் முழுப் பயிற்சிக்குப் பதிலாக இடையிடையே ஒரு கேள்வி, இரண்டு நிமிட யோசனை, பக்கத்து இருக்கைக்காரரோடு ஒரு பேச்சு என்ற நடுவழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது அதிகச் செலவில்லாதது. தாளும் பேனாவும் போதும்.

அரங்குக்கு வெளியே

அரங்குக்குள் நுழைய நுழைவுச்சீட்டு வேண்டும், பயணச்செலவு வேண்டும், விசா வேண்டும். 2018இல் மாண்ட்ரியலில் நடந்த நியூரிப்ஸ் மாநாட்டுக்கு வரவிருந்த ஆப்பிரிக்க ஆய்வாளர் பலருக்கு விசா மறுக்கப்பட்டது செய்தியாயிற்று. 2017இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய டீப் லேர்னிங் இந்தாபா என்ற கூடுகை, கற்பித்தலையே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. 2023இல் இன்னொரு பெரிய இயந்திரக் கற்றல் மாநாடான ஐ.சி.எல்.ஆர்., ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. பெருந்தொற்றால் 2020இல் மாநாடுகள் இணையத்துக்கு மாறியதும், டுடோரியல் காணொளி என்பது பின்னிணைப்பாக இல்லாமல் முதன்மை வடிவமாகவே ஆனது.

காணொளியைவிட நீடிப்பது எழுத்து. குட்ஃபெலோ தம் டுடோரியலைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். உருவாக்க மாதிரிகளை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வியில் தொடங்கி, அவை இயங்கும் விதம், இந்த முறையின் நுட்பங்கள், ஆய்வின் எல்லைகள் என்று அது கேள்வி கேள்வியாக நகர்கிறது. பயிற்சிக் கணக்குகள் மூன்றும் அவற்றின் தீர்வுகளும் அதில் உள்ளன. பரோகஸ், ஹார்ட் இருவரும் நாராயணனோடு சேர்ந்து எழுதிய நூல், இணையத்தில் வரைவாக வளர்ந்து 2023இல் எம்.ஐ.டி. பதிப்பகம் வழியாக அச்சேறியது. ரெக்ட்டின் பேச்சும் விரிவான கட்டுரையாயிற்று.

இந்த உழைப்புக்குத் துறை தரும் மதிப்பு குறைவு என்ற குறை பழையது. கிறிஸ் ஓலா, ஷான் கார்ட்டர் இருவரும் 2017இல் டிஸ்டில் இதழில், விளக்கப்படாமல் குவியும் முடிவுகளை 'ஆய்வுக் கடன்' என்று அழைத்தனர். ஒருவர் நன்றாக விளக்கினால் ஆயிரம் பேரின் நேரம் மிச்சம். ஆனால் விளக்கியவருக்கு வேலை நியமனத்திலோ பதவி உயர்வுக் குழுவிலோ கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் இடம் கிடைப்பதில்லை. அந்த இதழே 2021இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

தீராதவை

மூன்று நிலைப்பாடுகளில் எதுவும் தனித்து வெல்லவில்லை. வெல்ல வேண்டும் என்பதும் இல்லை. கிடைக்கும் எடுத்துக்காட்டுகளிலிருந்து கவனமாக ஒன்று சொல்லலாம்: தம் கேட்போரை ஒருவராகக் கண்முன் நிறுத்தி, அவருக்கு வேண்டாததை விட்டுவிட்டு, பின்னர் எழுத்தாகவும் நின்றவையே நெடுநாள் பயன்பட்டிருக்கின்றன. இது தேர்ந்தெடுத்த சில சான்றுகளின் மேல் கட்டிய முடிவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேட்டவர்கள் ஆறு மாதத்துக்குப் பின் எதைப் பயன்படுத்தினார்கள் என்ற அளவீடு மாநாடுகளின் வழக்கமான பணியாக இன்னும் ஆகவில்லை. அதுவரை அழைப்பா அறிவிப்பா, உரையா பயிற்சியா, ஒருவரா ஐவரா என்ற கேள்விகளுக்கு அனுபவம்தான் விடை சொல்லிக்கொண்டிருக்கும். அமைப்பாளர்கள் அந்த அளவீட்டை இனியாவது தொடங்க வேண்டும். முதல் முன்மொழிவை எழுத உட்காருபவர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏ.சி.எல். தொகுப்பகத்தில் ஆண்டுதோறும் சேர்ந்துள்ள டுடோரியல் சுருக்கங்கள், திட்டமும் வாசிப்புப் பட்டியலுமாக, யாரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.